ஸ்கீ சொந்தமா, வாடகையா? என் முட்டிய கேட்டு எடுத்த முடிவு

பனிச்சறுக்குல ரெண்டு சீசன் முழுக்க வாடகை செட்ல ஓட்டிட்டு மூணாவது சீசனுக்கு முன்னாடி பூட்ஸ் மட்டும் சொந்தமா வாங்கினேன், ஸ்கீ (கால்ல மாட்டற அந்த சறுக்குப் பலகை) இன்னைக்கும் வாடகைதான். "அதென்ன பாதிக்கிணறு தாண்டின மாதிரி, வாங்கினா மொத்தமா வாங்க வேண்டியதுதானே"ன்னு கேக்காத ஆள் இல்ல. வாயால சொல்லி சொல்லி அலுத்துப்போச்சு, எழுதியே வெச்சிடறேன்.

காசு, தூக்கிட்டு அலையறது, வீட்ல வைக்க இடம், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. வருஷத்துக்கு நாலஞ்சு நாள் போறவங்களுக்கு வாடகை, மாசக்கணக்கா பனியிலயே கிடக்கறவங்களுக்கு சொந்தம், அவ்ளோதான். நான் பார்த்தது வேற ஒண்ணு. விழறப்போ எது என் காலை விடும், எது பிடிச்சு முறுக்கும்?

காரணம், ரெண்டாவது சீசன்ல பட்டது. வாடகை ஃபார்ம்ல உயரம், எடை, வயசோட சேத்து எப்படி ஓட்டுவீங்கன்னு ஒரு கட்டம் இருக்கும். 1 போட்டா நிதானமா ஓட்டறவர், 2 நடுத்தரம், 3 வேகமா பாயறவர். பின்னாடி வரிசையில ஆள் நிக்கறாங்க, 1 போட மானம் இடம் தரல, கெத்தா 3 போட்டுட்டேன். மூணாம் நாள் சாயங்காலம், வேகம்னு சொல்லவே முடியாது, கிட்டத்தட்ட நின்னுட்டேன், அப்படியே திரும்பறப்போ இடது ஸ்கீயோட முனை மெத்துன்னு இருந்த பனியில சொருகிடுச்சு, உடம்பு திரும்புது, ஸ்கீ திரும்பல, பூட்ஸும் கழண்டு வரல. நடுவுல மாட்டினது முட்டி. தசைநார் கிழியல, சுளுக்கோட போச்சு, ஆனா ஆறு வாரம் மாடிப்படிய சின்னக் குழந்தை மாதிரி ஒவ்வொரு படியா ரெண்டு காலையும் வெச்சுத்தான் இறங்கினேன்.

அப்புறம்தான் பைண்டிங்னா என்னன்னு உக்காந்து படிச்சேன். பூட்ஸை ஸ்கீயோட பிடிச்சு வெக்கற அந்த ரெண்டு துண்டுல முன்பக்கத்து துண்டு கால் முறுகினா பக்கவாட்டுல விடும், குதிகால் துண்டு நாம முன்னாடி குப்புற போனா மேல்நோக்கி விடும். எவ்ளோ விசைக்கு விடணும்கறதுதான் டின் நம்பர் (தகர டின் இல்ல, ஜெர்மன்காரங்க தரநிர்ணய அமைப்போட பேரு). சின்ன ஜன்னல் மாதிரி ஒரு கண்ணாடிக்குள்ள கோடு ஒண்ணு நம்பர் மேல நிக்கும், ஸ்க்ரூவ திருப்பினா நகரும். இந்த நம்பருக்கு கடையில ஒரு அட்டவணை இருக்கும், எடையும் உயரமும் அதுல வேற வேற வரிசையில விழுந்தா ரெண்டுல குறைஞ்சதைத்தான் எடுப்பாங்க, 50 வயசு தாண்டினவங்களுக்கு இன்னும் ஒரு வரிசை குறைப்பாங்க, கடைசியா பூட்ஸோட அடிப்பாகம் எத்தனை மில்லிமீட்டர் நீளம்னு பாத்து நம்பர் முடிவாகும். 1 போட்டிருந்தா வந்திருக்கறதைவிட, நான் 3 போட்டதுல என் நம்பர் ரெண்டு வரிசை ஏறியிருக்கு. கடைக்காரர் மேல குத்தமே இல்ல, நான் எழுதினதைத்தான் அவர் வெச்சார். வேகமா விழுந்திருந்தா ஒருவேளை கழண்டிருக்கும். மெதுவா முறுகற விழுகைக்குத்தான் அந்த நம்பர் ரொம்ப அதிகம்.

என் முடிவுக்கு காரணம் இந்த பைண்டிங் பராமரிப்பு ஒண்ணுதான். வாடகை ஸ்கீயில ஒவ்வொரு தடவையும் உங்க பூட்ஸுக்கு பைண்டிங்க நகர்த்தி நம்பர் வெச்சுத்தான் கையில குடுப்பாங்க, வேணும்னாலும் வேணாம்னாலும் அது நடந்துடும். சொந்த ஸ்கீயில அதை யார் பண்றது? என் நண்பன் ஒருத்தன் நல்ல ஸ்கீயா வாங்கி நாலு வருஷம் ஓட்டினான், நடுவுல எடை ஏறுச்சு, பழைய பூட்ஸ் போய் புதுசு வந்துச்சு. ரெண்டும் 26.5 சைஸ்தான், ஆனா கம்பெனி வேற, அடிப்பாக நீளம் சில மில்லிமீட்டர் வித்தியாசம். க்ளிக்னு சத்தம் வந்துச்சு, மாட்டிக்கிச்சுன்னு கிளம்பிட்டான். குதிகால் துண்டு பூட்ஸை எவ்ளோ அழுத்தி பிடிச்சிருக்குன்னு காட்டற குறி எல்லைக்கு வெளியில இருந்ததை அவன் கவனிக்கவே இல்ல. அப்படி இருந்தா நம்பர் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல, விடவேண்டிய நேரத்துல விடாது, விடக்கூடாத நேரத்துல கழண்டு ஓடும். இதுபோக கார் மேல கட்டி ஓட்டிட்டு போறப்போ ரோட்டு உப்பும் சேறும் பைண்டிங்குக்குள்ள போய் உக்காரும். சீசனுக்கு ஒரு தடவை ஸ்கீ கடை மெக்கானிக் கிட்ட குடுத்து கருவி வெச்சு டெஸ்ட் பண்ணணும்னு எல்லாருக்கும் தெரியும், பண்றவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். விக்கறப்பவும் இதே பைண்டிங்தான் காலை வாரும், ரொம்ப பழசான மாடலுக்கு கம்பெனி பொறுப்பேத்துக்கறதை நிறுத்திடும், அப்புறம் நிறைய மெக்கானிக்குங்க அதை தொடவே மாட்டாங்க.

அப்போ பூட்ஸ் மட்டும் ஏன் சொந்தம்? வாடகை பூட்ஸ்ல எத்தனையோ கால் போய் வந்து உள்ள இருக்கற லைனர், அதாவது மெத்து உறை, தளர்ந்து போயிருக்கும். வலிக்குதேன்னு வாடகைக்கு ஒரு சைஸ் பெருசா கேட்டு வாங்குவோம், உள்ள குதிகால் எழும்பும், ஸ்கீ நம்ம பேச்சை அரை நொடி லேட்டா கேக்கும், பயத்துல உடம்பு தானா பின்னாடி சாயும். முட்டிக்கு அந்த பின்சாய்வைவிட பெரிய எதிரி கிடையாது. வாங்கறப்போ லைனரை வெளிய எடுத்துட்டு வெறும் ஷெல்லுக்குள்ள (வெளி ஓடு) கால விட்டு, விரல் முன்னாடி லேசா தொடற மாதிரி நின்னு பாத்தேன், குதிகாலுக்கு பின்னாடி ரெண்டு விரல் போற அளவுக்குள்ள இடம் இருந்தா போதும். மெல்லிசா ஒரே ஒரு சாக்ஸ். ரெண்டு போட்டா சூடா இருக்கும்னு நானும் நெனச்சிருக்கேன், ரத்த ஓட்டம் குறைஞ்சு இன்னும்தான் குளிருது.

பூட்ஸுக்கும் பராமரிப்பு உண்டு, இல்லன்னு சொல்லல. அடிப்பாகம் பைண்டிங்கோட ஒரு பாகம் மாதிரி, அதோட வடிவத்துக்கே ஐஎஸ்ஓ 5355னு தனியா ஒரு சர்வதேச தர அளவு இருக்கு, தார் ரோட்டுல டக்டக்னு நடந்து தேய்ச்சா விடற விசை மாறிடும். கிரிப்வாக்னு ரப்பர் அடி போட்ட பூட்ஸ் எல்லா பைண்டிங்குக்கும் ஒத்துவராது, வாடகைக்கு எடுக்கறப்போ கேட்டுக்கணும். மாட்டறதுக்கு முன்னாடி அடியில ஒட்டின பனிய கையில பிடிக்கற ஸ்கீ குச்சியால சுரண்டிடுங்க, விரல் கீழ ஒரு கெட்டி உருண்டை இருந்தாலே கணக்கு தப்பும்.

இன்னொண்ணு, எந்த செட் எடுத்தாலும் பைண்டிங் கால் எலும்பை காப்பாத்தற அளவுக்கு முட்டிக்குள்ள இருக்கற ஏசிஎல்ங்கற தசைநாரை காப்பாத்தாது. பின்னாடி சரிஞ்சு, இடுப்பு முட்டிக்கு கீழ போய், எடை மொத்தமும் சரிவுல கீழ்ப்பக்கம் இருக்கற ஸ்கீயோட வால்ல விழுந்தா அந்த வால் நெம்புகோல் மாதிரி முட்டிய உள்பக்கம் திருகிடும், கழட்டி விடவேண்டிய பைண்டிங்குக்கு அந்த முறுக்கு தெரியவே தெரியாது. அதுக்கு விழத் தெரியணும். கை முன்னாடி, கால் சேத்து. பேலன்ஸ் போச்சுன்னா போராடாம பக்கவாட்டுல இடுப்பால விழுந்துடணும், காலை விறைப்பா நீட்டக்கூடாது, வழுக்கிட்டு இருக்கறப்பவே எந்திரிக்க பாக்கவே கூடாது, முழுசா நின்னப்புறம் எந்திரிங்க. குச்சிய விட்டுடுங்க, பிடிச்சுட்டே கைய ஊனினா கட்டைவிரல் தசைநார் போகும்.

ஹெல்மெட் என்னைப் பொறுத்தவரை சொந்தம்தான், வாடகை ஹெல்மெட் முன்னாடி எங்க அடி வாங்குச்சுன்னு நமக்கு எப்படி தெரியும்.

குழந்தைங்களுக்கு கால் வளந்துட்டே இருக்கும், பூட்ஸ் உட்பட எல்லாமே வாடகை எடுங்கன்னுதான் தோணுது, ஆனா எனக்கு அதுல நேரடி அனுபவம் கிடையாது. சீசனுக்கு இருபது முப்பது நாள் போறவங்க விளிம்பு தீட்டறது, மெழுகு போடறதுன்னு ஸ்கீயோடவே வாழறாங்க, அவங்க பைண்டிங்கையும் விடாம பாத்துக்குவாங்களா இருக்கும், அந்த கூட்டத்துல நான் இல்ல.

இப்பல்லாம் ஃபார்ம்ல 2 போடறேன், எடைய பொங்கலுக்கு அப்புறம் ஏறினதையும் சேத்து எழுதறேன். ஸ்கீய கையில குடுத்ததும் குனிஞ்சு அந்த ஜன்னல் நாலையும் பாப்பேன், ரெண்டு ஸ்கீயிலயும் முன்னாடி பின்னாடி நம்பர் சீட்டுல எழுதினதோட ஒத்துப்போற வரைக்கும் கவுன்டரை விட்டு நகர மாட்டேன், பின்னாடி வரிசை முணுமுணுத்தா முணுமுணுக்கட்டும்.