தலைநகர் மாற்றம்: பிரசிலியா வழியா, புத்ராஜெயா வழியா?

பழைய தலைநகரான ரியோ டி ஜெனீரோவிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கி.மீ. உள்ளே, வெற்றுச் சமவெளியில் எழுந்த பிரசிலியா 1960 ஏப்ரல் 21-இல் பிரேசிலின் தலைநகரானது. நாலே ஆண்டு வேலை. நோட்டு அச்சடித்துச் செலவழித்ததில் விலைவாசி எகிறியது. கட்டடம் எழுந்தாலும் அலுவலகங்கள் சட்டென நகரவில்லை: வெளியுறவு அமைச்சகம் வந்துசேர 1970 ஆனது. 5 லட்சம் பேருக்கான திட்டத்தில், நகரைக் கட்டிய தொழிலாளர்களுக்கே இடமில்லை! அதனால்தான் தாகுவாதிங்கா போன்ற துணைநகரம் திறப்புவிழாவுக்கு முன்பே, 1958-இல் உருவானது.

மலேசியாவோ பிரதமர் அலுவலகத்தை 1999-இல் கோலாலம்பூருக்குத் தெற்கே சுமார் 25 கி.மீ. தள்ளி, புத்ராஜெயாவுக்கு மாற்றியது. நாடாளுமன்றமும் அரண்மனையும் கோலாலம்பூரிலேயே. ஊழியர்கள் வீடு மாறாமலே வேலைக்குப் போகலாம்; பெரும்பாலான தூதரகங்களும் அசையவில்லை.

நெரிசலைக் குறைப்பது மட்டுமே நோக்கமென்றால் இந்த வழியே மேல். ஆனால் நாட்டின் உட்பகுதியை வளர்க்க 25 கி.மீ. போதாது.