தில்லைநகரில் இரண்டு ஸ்கேன்

தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காக மூன்று வார லீவில் திருச்சிக்குப் போயிருந்தேன். போய் ஐந்தாம் நாள் காலை, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய கர்ப்பப் பரிசோதனைக் கிட்டில் இரண்டு கோடு. அம்மாவிடம் சொன்ன பத்தாவது நிமிடம் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "கிளம்பு. ஒரு ஸ்கேன் பார்த்துட்டு வந்துடலாம்."

நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். அங்கே இவ்வளவு சீக்கிரம் ஸ்கேன் என்ற பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள். அரசு மருத்துவச் சேவையில் முதல் ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள்தான். அதற்கு முன் வலியோ ரத்தக்கசிவோ வந்தால், அல்லது ஏற்கெனவே ஒரு முறை கருக்குழாயில் கரு தங்கியிருந்தால், அதற்கென்று இருக்கும் பிரிவுக்கு அனுப்புவார்கள். மற்றவர்கள் ஃபோலிக் ஆசிட் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். தில்லைநகரிலோ எந்தக் கிராஸில் திரும்பினாலும் ஒரு ஸ்கேன் போர்டு கண்ணில் படும். இவ்வளவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வேண்டாம் என்று சொல்லத் தனித் தைரியம் வேண்டும். அன்றைக்கு எனக்கு அது இல்லை. வலி இல்லை, கசிவு இல்லை, கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணும் நாள் கணக்குப்படி 5 வாரம் 1 நாள். ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

கவுன்ட்டரில் டாக்டர் லெட்டர் கேட்டார்கள். இல்லை என்றதும், "பரவால்ல மேடம், இங்கயே எழுதித் தருவாங்க" என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டியூட்டி டாக்டர் தலை நிமிராமல் எழுதிக் கொடுத்தார். வலி இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்தது எஃப் படிவம். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கர்ப்பிணிக்கு எங்கே ஸ்கேன் எடுத்தாலும் இதை நிரப்பித்தான் ஆகவேண்டும். பெயர், முகவரி, கணவர் பெயர், ஏற்கெனவே எத்தனை பையன், எத்தனை பெண், அவர்கள் வயது, எதற்காக இந்த ஸ்கேன். கடைசியில், பாலினத்தைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று நம் கையெழுத்து. 5 வாரத்தில் பாலினம் எங்கிருந்து தெரியும் என்று சிரிப்பு வந்தாலும், அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பது தெரிந்தவர்கள் முணுமுணுக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். ஆதார் நகலும் வாங்கிக்கொண்டார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு வருபவர்கள் அடையாள அட்டை நகல், உள்ளூர் முகவரி இரண்டையும் பையில் வைத்துக்கொண்டால் அலைச்சல் மிச்சம்.

அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீர், ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு. மூத்திரப்பை வெடிக்கும் நிலையில் உள்ளே கூப்பிட்டு, வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியல. யூரின் போயிட்டு வாங்க, உள்ளே வெச்சுப் பார்க்கணும்" என்றார்கள். உள்ளே வைப்பது என்றால் பிறப்புறுப்பு வழியாக. அதை முன்கூட்டிச் சொல்லவும் இல்லை, சம்மதமா என்று கேட்கவும் இல்லை. திரை அவர்கள் பக்கமே திரும்பியிருந்தது. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. 1,400 ரூபாய்.

வெளியே ரிப்போர்ட்டைக் கவரில் போடுவதற்கு முன் கவுன்ட்டர் பெண் ஒரு பார்வை பார்த்தாள். "ஹார்ட்பீட் இல்லைன்னு போட்டிருக்கு மேடம். டாக்டரைப் பாருங்க." பின்னால் பத்துப் பேர் வரிசையில். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். வீடு வரும்வரை விடவில்லை.

அன்று இரவு லெஸ்டரில் இருந்த கணவரோடு போனில் இரண்டு பேரும் பேசியதைவிட மௌனமாக இருந்ததுதான் அதிகம்.

மறுநாள் மாலை, என் அண்ணிக்குப் பிரசவம் பார்த்த மகப்பேறு மருத்துவரிடம் போனோம். டோக்கன் 34. வயதான பெண் டாக்டர். ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை, முதலில் கேள்விதான். மாதவிடாய் ஒழுங்காக வருமா? கடைசித் தேதி உறுதிதானா? ஒரு பக்கமாக வலி? தோள்பட்டை வலி? மயக்கம்? முன்னால் ஏதாவது ஆபரேஷன்? எல்லாம் கேட்ட பிறகுதான் காகிதத்தை விரித்தார்.

"அஞ்சு வாரத்துல இதைவிட என்னம்மா தெரியும்?"

கரு வளரப்போகும் பை, அவர்கள் பாஷையில் சாக், உள் ஸ்கேனில் தெரிய ஆரம்பிப்பதே ஏறக்குறைய 5 வாரத்தில். சில நாள் கழித்து அதற்குள் யோக் சாக், கருவுக்கு ஆரம்பத்தில் ஊட்டம் தரும் குட்டிப் பை. துடிப்பு கண்ணில் படவே 6 வாரம் ஆகும். என் சாக் 6 மில்லிமீட்டர். அது 25 மில்லிமீட்டரைத் தொட்டும் உள்ளே கரு தெரியவில்லை என்றாலோ, கரு 7 மில்லிமீட்டர் வளர்ந்தும் துடிப்பு இல்லை என்றாலோதான் கவலைப்பட வேண்டும். அப்போதும் இன்னொரு முறை பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்றார். துடிப்பு நின்றுபோவது வேறு, இன்னும் தொடங்காதது வேறு. அந்த ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் ஒரே வரிதான் இருந்தது.

எனக்கு உறைத்தது வேறொன்று. கரு சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனார். அதற்கும் பதில் கிடைக்கவில்லை. "உள்ளேதான் இருக்கிற மாதிரி இருக்கு. ஆனா யோக் சாக் தெரியிறவரைக்கும் நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்." ஆக, 1,400 ரூபாய்க்குப் பயத்தைத்தான் வாங்கி வந்திருக்கிறோம். கூடவே டியூட்டி டாக்டர் எழுதிய புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையும், படுத்தே இருக்கச் சொன்ன உத்தரவும். இரண்டையும் இவர் பேனாவால் அடித்தார். கசிவும் இல்லை, முன்னால் கருச்சிதைவும் இல்லை, எதற்கு இது என்றார்.

சரி, மறுபடி ஸ்கேன் எடுக்கவா வேண்டாமா? அவர் திருப்பிக் கேட்டார்: "ஏழு வாரத்துல பார்த்தா, உனக்கு எந்த முடிவு மாறும்?"

யோசித்தேன். கரு நிலைப்பதும் நிலைக்காததும் ஸ்கேனால் மாறாது. ஆரம்பத்தில் கலைபவற்றில் பெரும்பாலானவை குரோமோசோம் கோளாறால் கலைபவை. முன்கூட்டித் தெரிந்தாலும் தடுக்க வழி இல்லை. ஆனால் கல்லூரியில் படிக்கும்போது எனக்குக் குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குக் கருக்குழாயில் கரு தங்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். சென்னையிலிருந்து லண்டனுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் விமானம். குழாயில் இருந்தால் பயணத்தைத் தள்ளிவைத்து இங்கேயே சிகிச்சை, உள்ளே இருந்தால் கிளம்பலாம். ஆம், முடிவு மாறும். "அப்போ கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எடு. அந்த ஆபரேஷனும் இந்த விமானமும் இல்லேன்னா, ஊருக்குப் போய் 12 வாரத்துல பார்த்துக்கோன்னு அனுப்பியிருப்பேன்." அதற்குள் ஒரு பக்க அடிவயிற்று வலி, கசிவு, தோள் நுனியில் வலி, மயக்கம், எது வந்தாலும் ராத்திரி இரண்டு மணியானாலும் எமர்ஜென்சிக்கு ஓடிவிட வேண்டும் என்று மட்டும் இரண்டு முறை சொன்னார்.

அந்த இரண்டு வாரம் கிரகப்பிரவேசம், பந்தி, உறவுக்காரர்கள் என்று ஓடியது. பால் பாயசத்தைப் பார்த்தாலே குமட்டியது.

7 வாரம் 1 நாளில் எடுத்தது வேறொரு சென்டரில், முறையான லெட்டரோடு. தண்ணீர் குடிக்கச் சொல்லவில்லை. இளவயது டாக்டர், உள் ஸ்கேன்தான் எடுக்கப்போகிறேன், அட்டெண்டர் அம்மா கூடவே இருப்பார், சம்மதமா என்று கேட்டுவிட்டுத் தொடங்கினார். திரையை என் பக்கம் திருப்பினார். கறுப்புக்குள் ஓர் அரிசி அளவு வெளிறிய கோடு, அதன் நடுவில் நிற்காமல் மினுக்கும் ஒரு புள்ளி. நீளம் 10 மில்லிமீட்டர், துடிப்பு நிமிடத்துக்கு 142, இடம் கர்ப்பப்பைக்குள். நாள் கணக்கும் சரியாக ஒத்துப்போனது.

அம்மாவுக்கு ஒரே குறை. "சத்தம் கேக்க வைக்க மாட்டீங்களா? எதிர்வீட்டுப் பொண்ணுக்கு வெச்சாங்களே." சத்தத்துக்கு டாப்ளர் போடவேண்டும், அது ஒரே இடத்தில் அதிக சக்தியைப் பாய்ச்சும், இவ்வளவு சின்னதில் தேவையில்லாமல் போட மாட்டோம், துடிப்பைக் கோடாகப் பதித்தே எண்ணிவிடலாம் என்றார் டாக்டர். அம்மா தலையாட்டினார். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

பில் போடும்போது பிக்மி நம்பர் கேட்டார்கள். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து கொடுக்கும் எண் அது. பிரசவத்துக்கு ஊரில் தங்கும் எண்ணம் இருந்தால் ஆரம்பத்திலேயே வாங்கிவிடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அது தேவை. நான் திரும்பிப் போகிறவள் என்றதும் விட்டுவிட்டார்கள். வழவழப்பான தாளில் அச்சிட்ட படம் நாளடைவில் வெளுத்துவிடும் என்பதால் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். அசலை அம்மா சமயபுரத்தாள் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

லெஸ்டரில் மிட்வைஃப், அதாவது கர்ப்பிணிகளைக் கவனிக்கும் பேறுகாலச் செவிலி, ரிப்போர்ட்டைப் படித்து ஃபைலில் சேர்த்தார். ஆனால் பிரசவத் தேதியை அவர்கள் எடுக்கும் ஸ்கேனை வைத்துத்தான் குறிப்பார்களாம். 12-வது வாரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் வந்திருக்கிறது. போனில் சொன்னதும் அம்மா கேட்டது ஒன்றுதான். "அங்கயாவது சத்தம் கேக்க விடுவாங்களா?"