ஆட்டோ ஃபீட் ஸ்க்ரூ கன் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்: எனக்குப் போனது 16,800 ரூபாய்

ஜிப்சம் போர்டு சீலிங் வேலைக்கு, ஸ்க்ரூவைத் தானாக முன்னால் தள்ளித் தரும் ஆட்டோ ஃபீட் ஸ்க்ரூ கன் வாங்கலாமா, கையில் இருக்கும் கார்ட்லெஸ் டிரில்லே போதுமா என்று போன மாசம் நம் ஆட்கள் பலரிடம் கேட்டிருந்தேன். வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு விவரமாக எழுதுகிறேன் என்றும் சொல்லியிருந்தேன். வாங்கினேன். 16,800 ரூபாய் போச்சு. இன்றைக்கு மதியம் கடைக்காரன் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன்.

கீழக்கரையில் ஒரு வீடு. மேல் தளம், கீழ்த் தளம் சேர்த்து 1,400 சதுர அடி சீலிங். வீட்டுக்கார காக்கா (அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்) மகள் கல்யாணத்துக்கு துபாயிலிருந்து வருவதற்குள் பெயின்ட் வரை முடிந்திருக்க வேண்டும். ஆறுக்கு நாலு அடி போர்டு ஒன்றுக்கு 30 ஸ்க்ரூவுக்குக் குறையாது, மொத்தம் 1,800 ஸ்க்ரூ ஆகிறது. ஒவ்வொன்றையும் பையிலிருந்து எடுத்து, டிரில்லில் மாட்டிய பிட் நுனியில் நிறுத்தி, தலைக்கு மேல் கையைத் தூக்கி அடிக்க வேண்டும். சாயங்காலம் தோள்பட்டை கழன்று விழுவது போல இருக்கும். ஆட்டோ ஃபீடில் ஸ்க்ரூ எல்லாம் ஸ்ட்ரிப் என்கிற பிளாஸ்டிக் பட்டையில் வரிசையாக இருக்கும். அழுத்தினால் ஒன்று இறங்கும், அடுத்தது தானாக முன்னால் வந்து நிற்கும். இன்னொரு கை போர்டைப் பிடித்துக்கொள்ளலாம். எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதையும் கன்னின் மூக்கிலேயே செட் செய்துவிடலாம். ஸ்க்ரூ தலை கொஞ்சம் உள்ளே அமுங்க வேண்டும், ஆனால் போர்டின் மேல் ஒட்டியிருக்கும் பேப்பர் கிழியக் கூடாது. கிழிந்தால் அந்த ஸ்க்ரூ போர்டைப் பிடிக்காது, பேருக்கு இருக்கும். டிரில்லில் இதைக் கைப்பழக்கத்தில் செய்கிறோம். அதனால் ஸ்க்ரூ கன்னுக்கு ஆசைப்பட்டது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை.

கடை ஒரு பெரிய ஊரில் இருக்கிறது. வீடியோ போட்டு ஆர்டர் பிடித்து, பார்சலில் டூல்ஸ் அனுப்பும் கடை. வீடியோ காலில் வந்த பையன் என் கண் முன்னாலேயே ஒரு போர்டில் பதினைந்து ஸ்க்ரூவை டக் டக்கென்று இறக்கிக் காட்டினான். நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான்.

"தம்பி, எங்க பக்கம் கடையில லூஸ் ஸ்க்ரூ பாக்கெட்டுதான் கிடைக்குது. வேற கம்பெனி ஸ்ட்ரிப் வரவழைச்சுப் போட்டா இதுல ஓடுமா?"

"எந்த ஸ்ட்ரிப்பும் ஓடும்ணே, எல்லாம் ஒரே அளவுதான். நானே பத்து பாக்கெட் ஃப்ரீயா வச்சு அனுப்புறேன். கீழக்கரை, ராமேஸ்வரம்னு உங்க பக்கம் நிறையப் போயிருக்குண்ணே. கடல் காத்துக்குன்னே கோட்டிங் போட்ட ஸ்க்ரூ."

நம் ஊர்ப் பேரைச் சொன்னதும் நம்பிவிட்டேன். ஓடிக்கொண்டிருந்த பழைய டிரில்லை 3,000 ரூபாய்க்குக் கொடுத்து, மீதிக்குச் சீட்டுப் பணத்தை எடுத்து, 16,800 ரூபாயையும் ஒரே தடவையில் ஜிபேயில் அனுப்பினேன். பாதி இப்போது, பாதி பொருள் வந்ததும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பார்சல் வந்தது. முதல் போர்டில் பன்னிரண்டு ஸ்க்ரூ ஒழுங்காக இறங்கியது. பதிமூன்றாவது கோணலாகப் போய்ச் சிக்கியது. எடுத்து மறுபடி போட்டால் நாலாவதில் சிக்கல். கழற்றி வைத்துப் பார்த்தால், கன்னில் பட்டையை இழுக்கும் பல் ஒரு இடைவெளி, அவன் அனுப்பிய பட்டையின் பள்ளம் வேறு இடைவெளி. நான் இதைத்தானே கேட்டேன்! நான் கட்டிங் பிளேயரால் ஸ்க்ரூவைப் பிடுங்கிக்கொண்டிருக்க, கூட வந்த தம்பி பதினெட்டு கிலோ போர்டைத் தலையில் தாங்கி நிற்கிறான். மூன்று இடத்தில் பேப்பர் கிழிந்தது.

இரண்டு போர்டு முடிவதற்குள் பேட்டரியும் நின்றது. மேலே 21 வோல்ட், 4 ஏஹெச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) என்று ஸ்டிக்கர். ராமநாதபுரத்தில் பேட்டரி வேலை பார்ப்பவரிடம் பிரிக்கச் சொன்னேன். உள்ளே ஒற்றை வரிசையில் ஐந்து சின்னச் செல். "இந்தச் சைஸ் செல் அஞ்சை வச்சு 4 ஏஹெச் வரவே வராதுண்ணே, பத்து செல்லாவது வேணும். 21ங்கிறதும் ஃபுல் சார்ஜ்ல காட்டுறது, மத்தவன் 18ன்னு எழுதுறதும் இதுவும் ஒண்ணுதான்" என்றார்.

கடைக்குப் போன் போட்டேன். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். நாலு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, "அழுத்திப் பிடிக்கணும் சார், உங்களுக்கு ஓட்டத் தெரியல." பதினாலு வருஷமாக இந்த வேலை செய்கிறவனிடம்! அடுத்து, "கடல் காத்துல துரு ஏறியிருக்கும், அதுக்கு வாரண்டி இல்ல." பொருள் வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. கடல் காற்றுக்கென்றே கோட்டிங் என்று சொன்னதும் இதே வாய்தான். பேட்டரி போட்டோவை அனுப்பினால், "பிரிச்சிட்டீங்கல்ல, இனி ஒண்ணும் பண்ண முடியாது." கடைசியில் ஓனர் ஊரில் இல்லையாம். முதல் நாள் "அண்ணே", பிறகு "சார்", இன்றைக்கு "யோவ், வேலையப் பாருய்யா". அதோடு பிளாக்.

உச்சிப்புளி மேஸ்திரி ஒருவர் டிரில்லை இரவல் கொடுத்தார். ராத்திரி வேலை பார்த்துக் காக்கா வீட்டை ஒப்படைத்தோம். வீணான இரண்டு நாளுக்குத் தம்பி கூலி என் கையிலிருந்து. அது 16,800-இல் சேராது.

விவரமாக எழுத இப்போது மனசு இல்லை. அவசரமாகச் சொல்கிறேன். உங்கள் ஊர்க் கடையில் ஸ்ட்ரிப் ஸ்க்ரூ கிடைக்காவிட்டால் ஆட்டோ ஃபீட் பக்கமே போகாதீர்கள். டிரில்லில், ஆழம் வந்ததும் நிற்கும் கிண்ணம் வைத்த பிட்டைப் போடுங்கள். விலையும் கம்மி, பேப்பரும் தப்பிக்கும். கன்தான் வேண்டும் என்றால் அந்தக் கன்னின் கம்பெனி ஸ்ட்ரிப்பையே நேரில் போட்டு ஒரு முழுப் பட்டை ஓட்டிப் பாருங்கள். பேட்டரியை நீங்களாகப் பிரிக்காதீர்கள். ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் வாங்குங்கள். எனக்கு வந்தது "எஸ்டிமேட்" என்று எழுதிய துண்டுச் சீட்டு. புதிய டூல் வந்து ஓடுவதற்கு முன்னால் பழையதை விற்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ராமநாதபுரம் நுகர்வோர் கோர்ட்டுக்கும் எழுதப் போகிறேன், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வீடியோ கால் நேரம், ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இதே மாதிரி வீடியோ பார்த்துப் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் நம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம். திங்கள்கிழமை மண்டபத்தில் அடுத்த வேலை, இரவல் டிரில்லோடுதான் போகிறேன்.