ஒன்நோட்டில் ஐந்து வருடம்: ஒரு வழக்கறிஞர் அலுவலக நூலகரின் அனுபவம்

கோலாலம்பூரில், மஸ்ஜித் ஜாமெக் எல்ஆர்டி நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நூலகராக இருக்கிறேன். கோவிட் பரவியதால் 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது புத்தகங்கள் எல்லாம் பூட்டிய அலுவலகத்துக்குள் மாட்டிக்கொண்டன. "அக்கா, அந்த மெமோ எங்கே இருக்கும்?" என்று வாட்ஸ்அப்பில் கேள்வி வந்துகொண்டே இருந்தது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தா ஏற்கெனவே இருந்ததால், அதோடு வரும் ஒன்நோட் என்ற குறிப்பெழுதும் செயலியில் எல்லாருக்கும் பொதுவான ஒரு நோட்டுப்புத்தகம் திறந்தேன். அவசரத்துக்குத் திறந்தது, ஐந்து வருடம் தாண்டியும் ஓடுகிறது.

யாருக்கும் பயிற்சி கொடுக்கத் தேவைப்படவில்லை என்பதுதான் முதல் நன்மை. பக்கத்தைத் திறந்தால் எழுதலாம், அவ்வளவுதான். எந்த வரியை யார் எழுதினார் என்று ஓரத்தில் முதலெழுத்து தெரியும். சந்தேகம் வந்தால் நேராக அவரிடமே கேட்டுவிடலாம். எங்களுக்கு இது பெரிய விஷயம். இங்கே சேம்பரிங், அதாவது சட்டம் படித்தவர்கள் வழக்கறிஞராகும் முன் செய்யும் பயிற்சி, ஒன்பது மாதம். வருகிற பிள்ளைகள் ஒரு வழியாக வேலை பழகும்போது காலம் முடிந்துவிடுகிறது. அவர்கள் தேடிக் கண்டுபிடித்ததெல்லாம் முன்பு அவர்களோடே போய்விடும். இப்போது பாதியாவது தங்குகிறது.

ஆனால் பழைய தவறும் அதே வேகத்தில் பரவும் என்பதை 2022-ல் தெரிந்துகொண்டேன். போலிக் கையெழுத்தில் கைமாறிய நிலத்தைப் பற்றி 2006-ல் எழுதிய ஒரு மெமோவை நான்தான் ஒன்நோட்டில் ஏற்றியிருந்தேன். பினாங்கு தஞ்சோங் பூங்காவில் உள்ள நிலத்தைப் பற்றிய அடோர்னா பிராப்பர்டீஸ் வழக்கை வைத்து எழுதிய மெமோ அது. போலி ஆவணம் என்றாலும் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு நிலம் சொந்தம் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2000-ல் சொன்ன தீர்ப்பு. 2010 ஜனவரியில் டான் யிங் ஹோங் வழக்கில் அதே நீதிமன்றம் அந்த விளக்கம் தவறு என்று மாற்றிவிட்டது. மெமோவில் அது எப்படி இருக்கும்? சேம்பரிங் பெண் ஒருத்தி அதை நம்பி வாதத் தொகுப்பில் ஒரு பத்தியே எழுதிவிட்டாள்.

அவளைக் காப்பாற்றியது பழைய புத்தகம். பக்க எண்ணைச் சரிபார்க்க, தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் மலாயன் லா ஜர்னலின் (எம்எல்ஜே) 2001 முதல் தொகுதியை எடுத்து 241-ஆம் பக்கத்தைத் திறந்தாள். ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்து: "2010, 2 எம்எல்ஜே 1 பார்க்க". டான் யிங் ஹோங் தீர்ப்பு இருக்கும் இடம் அது. ஓய்வு பெற்றுப் போன எங்கள் மூத்த வழக்கறிஞர் ஒருவரின் கையெழுத்து. "அக்கா, இந்த கேஸ் இனிமேல் செல்லாதா?" என்று தொகுதியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒன்நோட்டில் கோப்பை 'பிரின்ட்அவுட்' ஆக ஏற்றினால் அது வெறும் படம். மூலக் கோப்பைத் திருத்தினாலும் அந்தப் படம் மாறாது.

அப்புறம் ஒரு வழக்கம் கொண்டு வந்தோம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு பெயர், கடைசியாகச் சரிபார்த்த தேதி. இரண்டும் இல்லாத பக்கம் 'பழையது' என்ற பிரிவுக்குப் போய்விடும். முதல் சுற்றிலேயே, நிறுவனக் கலைப்பு நோட்டீஸ் மாதிரிகள் மூன்றில் இன்னும் பழைய சட்டத்தின் 218-ஆம் பிரிவு இருந்ததைக் கண்டுபிடித்தோம். 2016 நிறுவனச் சட்டம் 2017 ஜனவரி 31-லேயே அமலுக்கு வந்து, அது 466 ஆகிவிட்டது.

தேடல் நன்றாக இருக்கிறது, ஆனால் தட்டிய சொல்லைத்தான் தேடும். இங்கே தீர்ப்புகள் ஆங்கிலத்திலும் வரும், மலாயிலும் வரும். நில உரிமையை மறுக்க முடியாத தன்மையை 'இன்டிஃபீசிபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தேடுபவருக்கு, அதையே மலாயில் 'கெத்தாக்போலேசங்கலான்' என்று எழுதிய பக்கம் கிடைக்காது. அதனால் இரண்டு சொல்லையும் பக்கத்தின் தலையில் நானே போட்டு வைக்கிறேன். நூலக அட்டையில் 'இதையும் காண்க' என்று எழுதுவோமே, அதே வேலைதான். நூலகர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வரியைக் காட்டுவேன்.

சின்னக் குறைகள்: இரண்டு பேர் ஒரே வரியைத் தொட்டால் சில சமயம் முரண்பட்ட பிரதி ஒன்று உருவாகும், உட்கார்ந்து ஒப்பிட வேண்டும். அழித்த பக்கம் 60 நாள்தான் குப்பைத் தொட்டியில் இருக்கும். கடவுச்சொல் போட்ட பிரிவைத் திறக்காத வரை தேடல் அதற்குள் போகாது.

கட்சிக்காரர் விவரம் எதுவும் இந்தப் பொது நோட்டுப்புத்தகத்தில் ஏறக் கூடாது. 1950 சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்று வழக்கறிஞரைக் கட்டுப்படுத்துகிறது. 127-ஆம் பிரிவு அவர்களிடம் வேலை பார்க்கும் கிராணிகளையும் (எழுத்தர்களையும்) சேர்த்துக்கொள்கிறது. பெயரை எடுத்துவிட்டு, சட்டக் கேள்வியை மட்டும் எழுதச் சொல்வேன். சிலருக்கு இதில் சலிப்பு உண்டு. நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இப்போது மூத்தவரின் பென்சில் குறிப்புகளைப் படம் பிடித்து, அந்தந்தப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு தொகுதி. 1990-களின் தொகுதிகளில் எழுத்து மங்கத் தொடங்கிவிட்டதால் அவற்றை முதலில் எடுத்திருக்கிறேன்.