பொள்ளாச்சி டைனமோ கடை: 14,500 ரூபாய் வேலை 3,350 ரூபாயில் முடிந்தது

ஆல்டர்நேட்டர் என்று கேட்டால் இந்தக் கடையில் புரியும், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. டைனமோதான், அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி. டைனமோவும், இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டாரும் மட்டும் பார்க்கிற ஒற்றை ஷட்டர் கடை, பொள்ளாச்சியில் கோவை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. என் 2013 மாடல் டீசல் காரை அங்கே கொண்டுபோனேன். வண்டி 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

உடுமலையிலிருந்து தினமும் பொள்ளாச்சிக்கு வேலைக்கு வந்து போகிறவள் நான். நவம்பரில் ஒரு மழை இரவு, கோமங்கலம் தாண்டியதும் வைப்பர் மெதுவானது, ஹெட்லைட் மங்கியது, டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தது. பின் சீட்டில் அம்மா. ஏசி, பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எங்கேயும் இன்ஜினை நிறுத்தாமல் வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

அந்த பேட்டரி வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பும் இதே மாதிரி காலையில் மக்கர் செய்தபோது, வேறொரு ஒர்க்ஷாப்பில் பழைய பேட்டரி போய்விட்டது என்று சொல்லி 5,600 ரூபாய்க்குப் புதுசு மாட்டினார்கள். இப்போது அங்கேயே கேட்டால், டைனமோ மாற்ற வேண்டும், 14,500 ஆகும் என்றார்கள். இரண்டு தடவையும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. ஓடுகிற இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

பேட்டரியை ஒரு நாள் முழுக்க சார்ஜில் போட்டு மாட்டி, பகல் வெளிச்சத்தில் விளக்குகூடப் போடாமல் பொள்ளாச்சி வந்தேன். கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பானெட்டைத் திறந்ததும் மீட்டரைத்தான் எடுத்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 12.1 வோல்ட். ஆக்சிலேட்டர் கொடுத்தும் ஏறவில்லை. நல்ல டைனமோ என்றால் 14 வோல்ட் பக்கம் காட்ட வேண்டுமாம். டெர்மினல் கழற்றிய கதையைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. “அம்மணி, இனிமேல் யாரையும் அப்படிப் பண்ண உடாதீங்க. வோல்ட் எகிறி ஈசியூ போச்சுன்னா டைனமோ வெலையெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க.” ஈசியூ என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் எடுத்துவிட்டு, டைனமோவை இறக்கிப் பிரித்தார். ஒவ்வொன்றாகக் காட்டினார். இரண்டு கார்பன் பிரஷ்ஷில் ஒன்று தேய்ந்து வெறும் துண்டாகக் கிடந்தது. அது டைனமோவுக்குள் சுழலும் ரோட்டருக்குச் சரியாகக் கரண்ட் கொடுக்காததால்தான் சார்ஜ் விட்டுவிட்டு வந்து, பழைய பேட்டரியும் இறங்கியிருக்கிறது. அந்த பேட்டரி உண்மையில் கெட்டே இருக்காது என்று அப்போதுதான் புரிந்தது. வயிறு எரிந்தது.

டையோடு பிளேட் நன்றாக இருந்தது, வைண்டிங்கும் கருகவில்லை. பிரஷ் உரசுகிற ஸ்லிப் ரிங்கில் லேசாகக் கோடு விழுந்திருந்ததை லேத்தில் போட்டு வழவழப்பாக்கினார். பிரஷ்ஷோடு சேர்ந்து வரும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் 1,450, இரண்டு பேரிங் 600, வெடிப்பு விட்டிருந்த பெல்ட் 550, கூலி 750. மொத்தம் 3,350 ரூபாய். கழற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, கேட்காமலே என் கையில் கொடுத்தார்.

நான் இந்தக் கடையை மனதாரப் பாராட்டுவது ஆயில் விஷயத்துக்காகத்தான். டைனமோவின் மேல்பக்கம் கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தது. இன்ஜினின் மேல் மூடியான டாப் கவரின் கேஸ்கட் கசிந்து இன்ஜின் ஆயில் நேராக அதன் மேல் சொட்டியிருக்கிறது. ஆயில் உள்ளே இறங்கினால் கார்பன் தூளோடு சேர்ந்து சேறாகி, பிரஷ் சீக்கிரம் போய்விடும். “கேஸ்கட் மாத்தாம உட்டீங்கன்னா, ஒரு வருசத்துல மறுபடி எங்கிட்டத்தான் வருவீங்க” என்றார். அது அவர் பார்க்கிற வேலை இல்லை, சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத்தான் வருமானம். சர்வீசில் இன்ஜின் மேல் பிரஷர் தண்ணீர் அடிப்பதையும் நிறுத்தச் சொன்னார்.

மாட்டி முடித்ததும் என்னையே மீட்டரைப் பார்க்க வைத்தார். 14.2. ஹெட்லைட், ஏசி, பின் கண்ணாடி டீஃபாகர் எல்லாம் போட்டும் 13.8-க்குக் கீழே இறங்கவில்லை. அடுத்த முறை ஸ்லிப் ரிங் தாங்காது, அப்போது புது டைனமோதான் என்பதையும் மறைக்கவில்லை.

குறைகளும் உண்டு. உட்கார ஒரு ஸ்டூல்தான், அதிலும் பெரும்பாலும் ஏதாவது ஆர்மேச்சர் இருக்கும். கையால் எழுதிய சீட்டுதான் பில். ஆறு மாத கேரண்டி வாய்வார்த்தைதான். போன் அடித்தால் எடுக்க மாட்டார். காலையில் விட்ட வண்டி சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் கிடைத்தது. பெண்கள் தனியாகப் போனால் மரியாதையாகப் பேசுகிறார்கள், புரியும்படி சொல்கிறார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

கேஸ்கட்டை அடுத்த வாரமே மாற்றிவிட்டேன். நாலு மாதம் ஆகிறது. 450 ரூபாய்க்கு ஒரு மீட்டர் வாங்கி வைத்து மாதம் ஒருமுறை பார்க்கிறேன், போன ஞாயிறும் 14.1 காட்டியது. போகிறவர்கள் ஒன்பது மணிக்கு ஷட்டர் திறக்கும்போதே போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் தேங்காய் லாரிகளும் டிராக்டர்களும் அந்தச் சந்துக்குள் வழியை அடைத்துக்கொள்ளும்.