செக் கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்

மும்பை தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் எங்களுக்குச் சின்னதாக ஒரு தோல் பட்டறை இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து வந்த என் மாமனார் ஆரம்பித்தது. இப்போது ஏழு காரிகர்கள் (தோல் வேலை செய்கிற தொழிலாளர்கள்), ஒரு கட்டிங் மாஸ்டர். தையல் வேலையை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். பில், ஜிஎஸ்டி, வசூல், போன் எல்லாம் என் பொறுப்பு. பாக்கியை வாங்க முடியாமல், ஒரு செக்கை மட்டும் நம்பிக் காத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன். பாக்கி கேட்டு நாங்கள் போட்ட மனு இன்னும் விசாரணையில் இருப்பதால், சரக்கு வாங்கிய கம்பெனியின் பெயரை எழுதவில்லை.

2024 ஆகஸ்ட் கடைசியில் அந்த ஆர்டர் வந்தது. தீபாவளிக்குப் பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கொடுக்கிற பரிசுப் பொருட்களை மொத்தமாக வாங்கி சப்ளை செய்கிறவர்கள். அந்தேரியில் ஆபீஸ், பதிவு அலுவலகம் குருகிராமில். அவர்களின் பர்ச்சேஸ் மேனேஜர் தமிழ் பேசுகிற தம்பி, தூத்துக்குடிப் பக்கம். பட்டறைக்கு வந்து டீ குடித்து, மாஸ்டரிடம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் போனான். 650 லேப்டாப் பை, ஒன்று 780 ரூபாய். 18% வரியோடு சேர்த்து பில் 5,98,260. அட்வான்ஸ் ஒரு லட்சம் வந்தது. மீதியைச் சரக்கு வந்த 30 நாளில் தருவதாக பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதியிருந்தார்கள்.

அக்டோபர் 7-ஆம் தேதி சரக்கு போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் கழித்து அந்தத் தம்பி வாட்ஸ்அப்பில் எழுதினான்: “அக்கா, மால் சூப்பர். கிளையன்ட்டுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.” இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

நவம்பர் 6-ஆம் தேதி பணம் வந்திருக்க வேண்டும். ஊருக்குப் போகிற இரண்டு காரிகர்கள் ரயில் டிக்கெட்டோடு நின்றார்கள். தோல் வாங்கிய கடைக்காரர் ஆள் அனுப்பினார். பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் நாங்கள் ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். பணம் வந்ததா இல்லையா என்று அரசாங்கம் கேட்காது. தோலுக்கும் ஜிப்புக்கும் ஏற்கனவே கொடுத்த வரியைக் கழித்த பிறகும் ஐம்பதாயிரத்துக்கு மேல் கையிலிருந்து கட்டினோம். என் இரண்டு வளையல் அடகுக்குப் போனது அந்த வாரம்தான். வராத பணத்துக்கு வரி கட்ட நகையை அடகு வைப்பது எப்படி இருக்கும் என்று, தொழில் செய்கிற வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

நவம்பர் முழுக்க ஒவ்வொரு காரணம். அக்கவுன்ட்ஸ் ஆள் லீவு, கையெழுத்துப் போடுகிறவர் வெளியூர், எங்களுக்கே கிளையன்ட் தரவில்லை. டிசம்பரில் நான் நேரே அந்தேரிக்குப் போய் ரிசப்ஷனில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். கடைசியில் ஒரு செக் கொடுத்தார்கள். 2,50,000 ரூபாய், தேதி 2025 ஜனவரி 5. கொடுத்தபோதே தம்பி சொன்னான்: “அக்கா, நான் சொல்லாம பேங்க்ல போட்டுறாதீங்க. எங்க பேங்க் லோன் லிமிட் ரெவ்யூல இருக்கு, திரும்பி வந்தா ரெண்டு பேருக்கும்தான் பேர் கெடும்.”

நான் போடவில்லை. ஜனவரி கடைசியில் கேட்டேன், பிப்ரவரி என்றான். பிப்ரவரியில் கேட்டேன், மார்ச் கணக்கு முடியட்டும் என்றான். மார்ச் கடைசி வாரத்தில், “புது வருஷக் கணக்குல ஏப்ரல் ஏழாம் தேதி போடுங்கக்கா, கண்டிப்பா பாஸ் ஆகும். நம்ம ஊர்க்காரங்களையே நான் ஏமாத்துவேனா?” என்றான்.

ஏப்ரல் 7-ஆம் தேதி போட்டேன். செக் காலாவதி என்று பேங்க் திருப்பிவிட்டது.

செக் ஆறு மாதம் செல்லும் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம். மாமனார் காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2012 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி அதை மூன்று மாதமாகக் குறைத்துவிட்டது. செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம், அவ்வளவுதான். ஜனவரி 5 செக் ஏப்ரல் முதல் வாரத்தோடு செத்துவிட்டது. எனக்கு ஏழாம் தேதி என்று நாள் குறித்துக் கொடுத்தது தற்செயல் என்று இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

இதில் நான் இழந்தது என்ன என்று ஆடிட்டர் விளக்கியபோதுதான் வயிறு எரிந்தது. செக் பணமில்லாமல் திரும்பினால் அது குற்றம், செலாவணி முறிச்சட்டம் 138-ஆவது பிரிவு. பேங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவர்களுக்கு 15 நாள் அவகாசம். அப்போதும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். இரண்டு வருஷம் வரை சிறை, செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம். இவ்வளவு பலமும் செல்லுபடியாகும் காலத்துக்குள் பேங்கில் போட்ட செக்குக்கு மட்டும்தான். நாங்கள் பயந்தது செக் திரும்பிவிடுமோ என்று. உண்மையில் ஜனவரியிலேயே அது திரும்பியிருந்தால் எங்கள் கை ஓங்கியிருக்கும். காலாவதியான செக்கைக் கிழித்துப் போடாதீர்கள், கடன் இருப்பதை அவர்களே ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சியாக உதவும் என்றார் ஆடிட்டர். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மார்ச் 31-ஐத் தாண்டவிட்டதும் நான் செய்த பெரிய தவறு. குறு, சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கினால், எழுதிக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும், அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்று 2006-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரியிலும் இதற்கு ஒரு பிடி வந்துவிட்டது. கெடு தாண்டிய பாக்கியை மார்ச் 31-க்குள் கொடுக்காவிட்டால், வாங்கியவர் அந்த வருஷம் அதைச் செலவாகக் காட்ட முடியாது, கொடுக்கிற வருஷத்தில்தான் காட்டலாம். அதனால் மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே இந்த மாதிரி பாக்கிகளைக் கேட்பார். ஆனால் நாங்கள் பதிவு செய்த சிறு தொழில் என்று அவருக்குத் தெரிய வேண்டுமே! 2021-ல் பேங்க் லோனுக்காக, உத்யம் என்கிற மத்திய அரசின் சிறு தொழில் பதிவை எடுத்திருந்தோம். அந்த எண்ணை ஒரு பில்லிலும் போட்டதில்லை. லோன் ஃபைலுக்குள்ளேயே கிடந்தது. உத்யம் பதிவு இலவசம், ஆதாரை வைத்து இணையத்திலேயே முடிந்துவிடும். இன்னும் எடுக்காதவர்கள் சரக்கு கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிரச்சினை வந்த பிறகு எடுத்தால் பழைய பில்லுக்கு உதவுமா என்பதே பெரிய வழக்காகிவிடும்.

மே மாதம் முதல் தடவையாகக் கடுமையாக மெயில் எழுதினேன். உத்யம் எண்ணைப் போட்டேன். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எங்களுக்குப் பணம் தராததால், எங்கள் பில்லை வைத்து அவர்கள் தங்கள் வரியில் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் எழுதினேன். அதுவரை ஏழு மாதமாக யாரும் வாயே திறக்காத ஒரு விஷயம் அடுத்த நாளே பதிலாக வந்தது. 80 பையில் ஜிப் போய்விட்டதாம், கிளையன்ட் திருப்பிவிட்டாராம், அதற்கு 1,20,000 ரூபாய் கழிப்பார்களாம்.

வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. ஜிப் ரன்னரைக் கையால் பத்து தடவை இழுத்துப் பார்க்காமல் ஒரு பையையும் அவர் பெட்டியில் வைக்க விட மாட்டார். திரும்பி வந்த பையில் ஒன்றையாவது அனுப்புங்கள் என்று கேட்டோம். இன்றுவரை ஒன்றும் வரவில்லை. சரக்கில் குறை இருந்தால், வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு என்று அதே 2006 சட்டத்தில் இருக்கிறது. எழுத்தில் என்ன இருந்தது? “மால் சூப்பர்” என்ற அந்த வாட்ஸ்அப் வரி இருந்தது. நடுவில் போன் மாற்றியபோது அந்த உரையாடல் அழிந்துபோகப் பார்த்தது, என் பெண்தான் பழைய போனிலிருந்து மீட்டுக் கொடுத்தாள். இப்போது ஆர்டர் முடிந்ததுமே உரையாடல் மொத்தத்தையும் எனக்கே மெயில் செய்துவிடுகிறேன்.

ஜூன் முதல் வாரத்தில் சிறு தொழில்களின் பாக்கிப் புகார்களுக்கான மத்திய அரசின் சமாதான் இணையதளத்தில் மனு போட்டோம். பர்ச்சேஸ் ஆர்டர், பில், சீல் வைத்த டெலிவரி சலான், உத்யம் எண், இவ்வளவுதான் கேட்டது. வக்கீல் இல்லாமல் ஆடிட்டரும் நானுமே போட்டோம். மனு அங்கிருந்து, இந்த மாதிரி பாக்கித் தகராறுகளை விசாரிக்கிற மாநிலத்தின் வசதிப்படுத்தும் கவுன்சிலுக்குப் போனது. எந்த வழக்கும் குருகிராம் கோர்ட்டில்தான் என்று பர்ச்சேஸ் ஆர்டரின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்தே பல மாதம் பயந்திருந்தேன். தேவையே இல்லை. வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், சரக்கு கொடுத்தவர் இருக்கிற இடத்து கவுன்சில் விசாரிக்கலாம். வட்டியும் சாதாரண வட்டி இல்லை. ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. எங்கள் பாக்கி தொடங்கிய நவம்பரில் பேங்க் ரேட் 6.75%, ஆகவே 20.25%. தீர்ப்பை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் தொகையில் 75% கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

திவால் சட்டத்தில் போடுங்கள், கம்பெனி நடுங்கும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். 2020 மார்ச்சிலிருந்து அதற்குக் குறைந்தது ஒரு கோடி பாக்கி வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு இல்லை.

கவுன்சில் நோட்டீஸ் போனதும், அதுவரை என் போனையே எடுக்காதவர்கள் தாங்களாகவே கூப்பிட்டார்கள். மூன்று லட்சம் தருகிறோம், கணக்கு முழுதாகத் தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்து மனுவை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். அட்வான்ஸ் போக பாக்கி 4,98,260. வீட்டுக்காரர் சரி சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார், அவ்வளவு அலுத்துப் போயிருந்தார். நான் மறுத்தேன். ஆகஸ்டில் எந்த நிபந்தனையும் இல்லாமல் இரண்டு லட்சம் ஆர்டிஜிஎஸ்ஸில் வந்தது. பாக்கிக் கணக்கில் ஒரு பகுதியாக வரவு வைத்தோம் என்று அன்றே மெயில் அனுப்பினேன்.

மீதிக்கு சமரசப் பேச்சு பலிக்கவில்லை, இப்போது தீர்ப்புச் சொல்கிற நடுவர் விசாரணையில் (ஆர்பிட்ரேஷன்) இருக்கிறது. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, எங்கள் மனு அதை எப்போதோ தாண்டிவிட்டது. ஆனாலும் மனு போட்டதற்கு நான் வருந்தவில்லை. ஏழு மாதம் முன்பே போடாததற்குத்தான் வருந்துகிறேன். அந்தத் தம்பி இப்போது அங்கே வேலையில் இல்லை, அவன் நம்பரும் அடிக்கவில்லை.

போன மாதம் எங்கள் சந்திலேயே பெல்ட் தைக்கிற அண்ணன் ஒருவர், அதே கம்பெனியின் பர்ச்சேஸ் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். புது மேனேஜராம், ரொம்ப மரியாதையாகப் பேசுகிறாராம். பாதிப் பணம் அட்வான்ஸ் கேளுங்கள் அண்ணா, மீதிக்குப் பின்தேதி செக் கொடுத்தால் அந்தத் தேதியிலேயே பேங்கில் போடுவேன் என்று முன்கூட்டியே மெயிலில் எழுதிவிடுங்கள் என்று சொன்னேன். அப்படியே எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து போனே வரவில்லை.