சோதிக்காமலே ஆக்சுவேட்டரை மாற்றினார்கள்: மின் ஃபிளாப் உள்ள சிறு விமானம் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

டெக்சாஸில் ஒரு சிறு விமான நிலையத்தில் இயங்கும் பழுதுபார்ப்புப் பட்டறை, என் விமானத்தின் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகை) கோளாறுக்கு 2,300 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு, கோளாறைத் தீர்க்காததோடு, பறக்கத் தகாத நிலையில் விமானத்தைத் திருப்பிக் கொடுத்தது. பணத் தகராறு நீதிமன்றத்துக்குப் போகவிருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் நடந்த முறையை விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் அமெரிக்காவில் இவ்வகை விமானம் வைத்திருக்கும் நம்மவர்கள் யாருக்கும் இதே முறையில் இது நேரலாம்.

என்னுடையது லைட் ஸ்போர்ட் வகையைச் சேர்ந்த, இரண்டு இருக்கைகளும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினும் கொண்ட, 600 கிலோ எடை வரம்புக்கு உட்பட்ட விமானம். இதன் ஃபிளாப்களை ஒரே ஒரு 12 வோல்ட் ஆக்சுவேட்டர் (மோட்டாரால் நீண்டு சுருங்கும் தண்டு) இயக்குகிறது. பேனலில் உள்ள ஸ்விட்ச், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் திசையை மாற்றி, ஃபிளாப்பை மேலேயோ கீழேயோ செலுத்தும். இடையில் ரிலே (பெரிய மின்னோட்டத்தைத் தானே தாங்கும் துணை ஸ்விட்ச்) எதுவும் இல்லை. மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் முழுவதும் அந்தச் சிறிய ஸ்விட்ச்சின் தொடுமுனைகள் வழியாகவே போகிறது.

கோளாறு தெளிவானது. ஃபிளாப் கீழே தடையின்றி இறங்கும். தரையிறங்கிய பின் மேலே ஏற்றினால் சில நேரம் அசையாது, ஸ்விட்ச்சை மீண்டும் மீண்டும் அழுத்தினால் ஏறும். பறக்கும்போது காற்றின் அழுத்தமே ஃபிளாப்பை மேலே தள்ள உதவுவதாலும், தரையில் அதன் எடையை மோட்டார் தனியே தூக்க வேண்டியிருப்பதாலும், பலவீனம் முதலில் தரையில்தான் தெரிந்தது. ஆனாலும் முழு ஃபிளாப்புடன் தரையிறங்க வந்துவிட்டு, ஏதோ காரணத்தால் மீண்டும் மேலேற வேண்டிய தருணத்தில் இது நிகழ்ந்தால், 100 குதிரைத்திறன் எஞ்சின் உள்ள சிறு விமானம் மரங்களைத் தாண்டத் திணறும். அதனால்தான் தாமதிக்காமல் பட்டறைக்குக் கொண்டு போனேன். ஒரு திசையில் மட்டும் கோளாறு என்பதை எழுதியும் கொடுத்தேன்.

அந்த ஒரு வரியே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. கீழே நன்றாக இறக்கும் மோட்டார் எரிந்துபோன மோட்டாராக இருக்க முடியாது. இரு திசைகளுக்கும் பொதுவான வயரோ, கிரவுண்ட் இணைப்போ, சர்க்யூட் பிரேக்கரோ பழுதாகியிருந்தால் இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் மிஞ்சுவது இரண்டுதான்: ஸ்விட்ச்சின் மேல்திசைத் தொடுமுனைகள், அல்லது ஆக்சுவேட்டருக்குள் இருந்து, எல்லையை எட்டியதும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச். இவ்விரண்டில் எது என்பதை அறிய, ஸ்விட்ச்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆக்சுவேட்டரின் கனெக்டரில் வோல்டேஜ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் கனெக்டரைக் கழற்றிவிட்டு வெறும் மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது பயனற்றது. கருகிய தொடுமுனை வழியாகவும் மீட்டர் 12 வோல்ட்டைக் காட்டும், ஏனெனில் மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. சுமை ஏறும்போதுதான் வோல்டேஜ் சரியும். பட்டறையில் செய்தது அந்த வெற்று மீட்டர் சோதனையை மட்டுமே. "ஆக்சுவேட்டர் வரை 12 வோல்ட் வருகிறது, ஆகவே ஆக்சுவேட்டர் போய்விட்டது" என்று தொலைபேசியில் சொன்னார்கள்.

விமானத்தை எடுக்கச் சென்றபோது, பேட்டரி சார்ஜரை இணைத்தபடியே ஃபிளாப்பை ஏற்றி இறக்கிக் காட்டினார்கள். சார்ஜர் இணைந்திருந்தால் மின்னழுத்தம் 14 வோல்ட் அளவுக்கு உயர்ந்திருக்கும். அதில் பலவீனமான இணைப்பும் வேலை செய்துவிடும். பழைய ஆக்சுவேட்டரைக் கேட்டேன், குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். சில நாட்களிலேயே பழைய கோளாறு திரும்பியது. மீண்டும் தொடர்பு கொண்டபோது, இனி வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று அதைவிடப் பெரிய தொகையைக் கேட்டார்கள். அத்துடன் வேறொரு விமான நிலையத்தில், லைட் ஸ்போர்ட் பராமரிப்புச் சான்றிதழ் பெற்ற ஒரு தொழில்நுட்பரிடம் போனேன்.

அவர் செய்த சோதனை எளிமையானது. ஆக்சுவேட்டரைக் கழற்றிய இடத்தில் 55 வாட் கார் ஹெட்லைட் பல்பை இணைத்தார். ஸ்விட்ச்சைக் கீழ்த்திசையில் அழுத்தினால் பல்பு பளிச்சென்று எரிந்தது. மேல்திசையில் அழுத்தினால் மங்கியது, மீட்டர் 5 வோல்ட்டுக்கு அருகே காட்டியது. ஸ்விட்ச்சின் ஒரு ஜோடித் தொடுமுனைகள் பல ஆண்டுகளாகத் தெறித்த மின்பொறிகளால் கருகியிருந்தன. உற்பத்தியாளரின் விநியோகஸ்தரிடமிருந்து வந்த புதிய ஸ்விட்ச் 100 டாலரைக்கூடத் தொடவில்லை. பழைய ஆக்சுவேட்டரில் குறையே இருந்திருக்காது என்றார் அவர்.

அவர் அடுத்துக் காட்டியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. புதிதாகப் பொருத்திய ஆக்சுவேட்டர் உற்பத்தியாளரின் பாகமே அல்ல, தொழிற்சாலைக் கருவிகள் விற்கும் கடைகளில் கிடைப்பது. அதன் நீளம் சற்று மாறியிருந்ததால், பூஜ்ய நிலையில் இருக்க வேண்டிய ஃபிளாப் ஏறக்குறைய 4 டிகிரி கீழே நின்றது. பட்டறை வேலைக்குப் பின் விமானத்தின் வேகம் குறைந்ததற்கும், மூக்கு தாழ்ந்து டிரிம் (கை விட்டாலும் நேராகப் பறக்கும் சமநிலை) மாறியதற்கும் அதுவே காரணம். அதைவிட மோசமாக, ஆக்சுவேட்டர் முனையில் மரையால் பொருத்தப்படும் இணைப்புத் துண்டான ராட் எண்டின் சாட்சித் துளை வழியே மெல்லிய கம்பி தடையின்றி நுழைந்தது. மரை போதுமான ஆழத்துக்கு ஏறியிருந்தால் அந்தக் கம்பி நுழையாது. அதைத் தளராமல் பிடிக்கும் லாக்நட்டும் கையால் திருகும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. தரைக்கு மிக அருகே, முழு ஃபிளாப்பில் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்த முனை கழன்றிருந்தால், காற்று ஃபிளாப்பை ஒரே கணத்தில் மேலே தள்ளியிருக்கும். இழந்த தூக்குவிசையை மீட்டெடுக்க உயரம் இருந்திருக்காது. அந்த நிலையில் என் மனைவியையும் ஏற்றிக்கொண்டு பறந்திருக்கிறேன்.

விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கில் பட்டறையினர் எழுதியது, ஃபிளாப் ஆக்சுவேட்டர் மாற்றப்பட்டது, உற்பத்தியாளரின் கையேட்டின்படி ரிக்கிங் (ஃபிளாப் நிற்கும் கோணங்களின் அமைப்பு) சரிபார்க்கப்பட்டது என்பது. அந்தக் கையேடு அவர்களிடம் இருந்ததேயில்லை, கேட்டபோது ஒப்புக்கொண்டார்கள். இவ்வகை விமானத்தில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதி 91.327, பராமரிப்பு உற்பத்தியாளர் வகுத்த முறைப்படி நடக்க வேண்டும் என்றும், எந்த மாற்றத்துக்கும் உற்பத்தியாளரின் அல்லது நிர்வாகம் ஏற்கும் ஒருவரின் அனுமதி வேண்டும் என்றும் சொல்கிறது. செய்யும் வேலைக்குரிய நடப்புக் கையேட்டைப் புரிந்துகொள்ளாத மெக்கானிக் தன் சான்றிதழின் உரிமையைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது விதி 65.81. செய்யாத வேலையைச் செய்ததாக வேண்டுமென்றே லாக்புக்கில் பதிவதை விதி 43.12 தடை செய்கிறது.

ஆகவே ஃபிளாப் வேலைக்குக் கொடுக்கும் முன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: உங்கள் மாடலின் கையேடு அவர்களிடம் இருக்கிறதா, சுமையுடன் வோல்டேஜ் சோதித்தார்களா, இரு திசைகளிலும் என்ன அளவு வந்தது, புதிய பாகத்தின் எண் என்ன. கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதை வேலை உத்தரவிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விமானத்தை எடுக்கும்போது சார்ஜரைக் கழற்றச் சொல்லி, பேட்டரியில் மட்டும் ஃபிளாப்பை இயக்கிப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் டிஜிட்டல் கோணமானியை ஃபிளாப் மேல் வைத்துக் கையேட்டு அளவுடன் ஒப்பிடுங்கள்.

லாக்புக் பதிவு குறித்து, விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் எங்கள் பகுதி அலுவலகத்தில் புகைப்படங்களுடன் புகார் கொடுத்துள்ளேன். அவர்கள் பாதுகாப்பு விதிமீறலை விசாரிப்பார்கள், பணத்தை மீட்டுத் தர மாட்டார்கள். டெக்சாஸில் 20,000 டாலர் வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமலே, சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் நீதிமன்றத்தில் தொடுக்கலாம். மனுவைத் தயாரித்து வருகிறேன். அனுமதியற்ற ஆக்சுவேட்டரைக் கழற்றி, உற்பத்தியாளரின் பாகத்தை வாங்கிப் பொருத்தி, ரிக்கிங் செய்த செலவும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது.